அத்தியாயம் 6: பணம் எந்தப் படியில் நிற்கிறது?

நிலமுள்ள விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை விடுவிக்கப்பட்டது என்று செய்தி வந்த மறுநாள், ஊர் வங்கிகளில் பாஸ்புக் அச்சிடும் வரிசை நீண்டுவிடும். 2,000 ரூபாய் ஏறியவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஏறாதவர் கவுன்ட்டரில் கேட்டால், "எங்களுக்கு வரலைங்க, வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க" என்பார்கள். அங்கே போனால், "ஆன்லைன்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு, பேங்க்ல பாருங்க" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். வங்கிக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் நடுவில் இன்னும் சில படிகள் உண்டு. பணம் அங்கே நின்றிருந்தால் இரு பக்கத்துக்காரர்களுக்கும் அது தெரியாது.

ஆகவே "பணம் எப்போ வரும்?" என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. "என் பணம் எந்தப் படியில் நிற்கிறது?" என்பதுதான் பயனுள்ள கேள்வி. அந்தப் படியை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கவும், அதற்குரிய அலுவலகத்துக்கு மட்டும் உரிய தாளோடு போகவும் இந்த அத்தியாயம் வழி சொல்கிறது. பி.எம். கிசானை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வெள்ளம், புயலுக்குப் பிறகு வரும் பயிர்ச்சேத நிவாரணத்துக்கு வழி வேறு என்பதால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

முதலில், தவணை வந்ததா?

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை: ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச். நான்கு மாதத்தில் எந்த நாளிலும் பணம் விடுவிக்கப்படலாம். சில சமயம் அந்த எல்லையும் தாண்டும். 19-ஆவது தவணை 2025 பிப்ரவரி 24-இல் வந்தது. ஜூலைக்குள் வந்திருக்க வேண்டிய 20-ஆவது தவணை ஆகஸ்ட் 2-இல்தான் வந்தது. 21-ஆவது தவணை நவம்பர் 19-இல் கோயம்புத்தூரில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது.

எனவே தவணை நாடு முழுவதும் விடுவிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால்தான் தேட வேண்டும். யாருக்குமே வரவில்லை என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பணம் கடக்கும் ஐந்து படிகள்

1. பதிவு: உங்கள் பெயர், ஆதார், நிலம் ஆகிய விவரங்கள் திட்டத் தளத்தில் ஏறியிருக்க வேண்டும்.

2. மாநில ஒப்புதல்: வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும் விவரத்தைச் சரிபார்த்து, இவருக்குக் கொடுக்கலாம் என்று கையொப்பமிட வேண்டும்.

3. நிதி ஆணை: ஒன்றிய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு, அதாவது பி.எஃப்.எம்.எஸ்., பட்டியலைச் சோதித்துப் பணம் அனுப்பும் ஆணையை உருவாக்கும்.

4. ஆதார் வழி: என்.பி.சி.ஐ. என்னும் நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த வங்கி குறிக்கப்பட்டிருக்கிறதோ, பணம் அந்த வங்கிக்குத் திருப்பப்படும்.

5. கணக்கு: அந்த வங்கி உங்கள் கணக்கில் வரவு வைக்கும்.

முதல் இரண்டு படிகளில் தடை என்றால் வேளாண்மை அலுவலகமும் கிராம நிர்வாக அலுவலரும். கடைசி இரண்டில் தடை என்றால் வங்கி. மூன்றாவது படியில் நின்றால் பெரும்பாலும் சில நாள் பொறுத்தால் போதும். திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் மட்டும் காரணம் பார்க்க வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆதார் அட்டை, ஆதாரோடு இணைந்த கைப்பேசி, அண்மையில் அச்சிட்ட பாஸ்புக், பட்டா நகல், பி.எம். கிசான் பதிவு எண். பதிவு எண்ணைப் பலரும் குறித்துவைப்பதில்லை. தளத்திலேயே பதிவு எண்ணை அறியும் பகுதி இருக்கிறது; ஆதார் எண் அல்லது பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் காட்டிவிடும். கிடைத்ததும் பாஸ்புக்கின் உள்ளட்டையில் எழுதிவிடுங்கள்.

நிலையைப் பார்க்கும் முறை

பி.எம். கிசான் தளத்தில் விவசாயிகளுக்கான பகுதியில் "நோ யுவர் ஸ்டேட்டஸ்" என்ற பொத்தான் இருக்கும். பதிவு எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் இட்டால், கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அதை இட்டதும் உங்கள் பக்கம் திறக்கும். கைப்பேசியில் பார்க்க வசதியில்லாதவர்கள் இ-சேவை மையத்திலோ பொது சேவை மையத்திலோ பார்க்கலாம். 155261 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். 'கிசான் இ-மித்ரா' என்ற உரையாடல் கருவி தமிழிலும் பதில் சொல்கிறது.

திறந்த பக்கத்தைப் படித்து மூடிவிடாதீர்கள். திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அச்செடுங்கள். தேதியுள்ள அந்தத் தாள்தான் நாளைக்கு உங்கள் சாட்சி.

மூன்று 'ஆம்' வேண்டும்

பக்கத்தின் நடுவில் மூன்று விவரங்கள் இருக்கும். மூன்றுக்கும் எதிரே 'யெஸ்' இருந்தால்தான் அடுத்த தவணை வரும். ஒன்றில் 'நோ' இருந்தாலும் பணம் நின்றுவிடும்.

நில இணைப்பு: உங்கள் நிலம் பதிவோடு பொருத்தப்பட்டதா என்பது. தமிழ்நாட்டில் இங்கே 'நோ' வருவதற்கு முக்கியக் காரணம், பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருப்பது. உழுது பயிர் வைப்பவர் நீங்கள்தான் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், ஆவணத்தில் உங்கள் பெயர் இல்லாமல் இந்தத் திட்டத்தில் பணம் வராது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவற்றோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, புதுப் பட்டா வந்த பின் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் வழங்குகிறார்கள். அதை இன்னும் வாங்காதவர்கள் அதே மையத்தில் விசாரித்துப் பதிந்துகொள்வது நல்லது.

இ-கே.ஒய்.சி.: நீங்கள்தான் நீங்கள் என்று ஆதார் வழியே உறுதி செய்வது. மூன்று வழி உண்டு. ஆதாரோடு கைப்பேசி இணைந்திருந்தால் தளத்திலேயே கடவுச்சொல் மூலம் முடிக்கலாம். இல்லாவிட்டால் பொது சேவை மையத்தில் விரல்ரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால், பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. வயதானவர்களுக்கு இதுவே எளிது.

ஆதார்–வங்கி இணைப்பு: மிகுதியாகக் குழப்பம் உண்டாவது இங்கேதான். அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

'ஆதார் கொடுத்தாச்சு' என்பது போதாது

"பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் எப்பவோ கொடுத்தாச்சே" என்று பலர் சொல்வார்கள். வங்கியில் ஆதாருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உங்களை அடையாளம் காண்பது. மற்றொன்று, அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று என்.பி.சி.ஐ. பதிவேட்டில் ஏற்றுவது. முதல் வேலை முடிந்தால் இரண்டாவது தானாக முடிந்துவிடாது. அதற்குத் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு விதியையும் நினைவில் வையுங்கள். நான்கு வங்கிகளில் ஆதார் கொடுத்திருந்தாலும், பதிவேட்டில் ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ, பணம் அங்கே போகும். நகைக்கடனுக்காகவோ சிம் கார்டு வாங்கும்போதோ புதிதாகத் திறந்த கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். 2017-இல் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க விரல் வைத்த லட்சக்கணக்கானோரின் எரிவாயு மானியம், அவர்கள் அறியாமலே திறக்கப்பட்ட பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போனது நாடு முழுவதும் பேசப்பட்டது.

பதிவேட்டில் எந்த வங்கி இருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி:

- ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். வங்கியின் பெயரும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும்.
- இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசியில் *99*99*1# என்று அழைத்து ஆதார் எண்ணை இடலாம்.

காட்டும் வங்கி உங்களுக்கு வேண்டிய வங்கி என்றால் சரி. வேறு வங்கி என்றால், முதலில் அந்த வங்கியின் பாஸ்புக்கை அச்சிட்டுப் பாருங்கள். பழைய தவணைகள் அங்கே காத்திருக்கலாம். பிறகு வேண்டிய வங்கிக்குப் போய், "அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர என்.பி.சி.ஐ.-யில் ஏத்துங்க" என்று தெளிவாகச் சொல்லிப் படிவம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வங்கி தொலைவில் இருந்தால் அஞ்சலகம் உதவும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் கைப்பேசியும் ஆதாரும் கொண்டு அஞ்சல்காரர் வழியே கணக்கு திறந்து ஆதாரையும் இணைத்துக்கொள்ளலாம்.

திரையில் வரும் வாசகங்கள்

தவணை விவரத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். அதிகம் வருபவை இவை:

- "வெயிட்டிங் ஃபார் அப்ரூவல் பை ஸ்டேட்": மாநிலம் இன்னும் ஒப்புதல் தரவில்லை. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.
- "ஆர்.எஃப்.டி. சைன்டு பை ஸ்டேட்": மாநிலம் சரிபார்த்து, பணம் அனுப்பலாம் என்று கையொப்பமிட்டுவிட்டது. அலைய வேண்டாம், காத்திருங்கள்.
- "எஃப்.டி.ஓ. ஈஸ் ஜெனரேட்டட், பேமென்ட் கன்ஃபர்மேஷன் ஈஸ் பெண்டிங்": பணம் அனுப்பும் ஆணை உருவாகிவிட்டது. விடுவிப்பு நாளுக்குப் பிறகும் சில வாரம் இதே வாசகம் நின்றால் வங்கி இணைப்பைப் பாருங்கள்.
- "பேமென்ட் ஸ்டாப்டு பை ஸ்டேட்": மாநிலம் நிறுத்திவைத்திருக்கிறது. வங்கிக்குப் போவது வீண். நிறுத்தியதற்கான காரணத்தை வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.
- "ரிஜெக்டட்": திருப்பி அனுப்பப்பட்டது. ஆதார் இணைப்பு இல்லாதது, கணக்கு மூடப்பட்டது, பெயர் பொருந்தாதது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

'அனுப்பியாச்சு' என்கிறது, கணக்கில் இல்லை

திரையில் வங்கியின் பெயர், கணக்கின் கடைசி இலக்கங்கள், வரவு நாள், யு.டி.ஆர். எண் (பணப் பரிமாற்ற எண்) எல்லாம் இருந்தால் பணம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கடைசி இலக்கங்களை உங்கள் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் பணம் உங்களுடைய வேறு கணக்கில் இருக்கிறது. ஒன்றாகவே இருந்தும் பாஸ்புக்கில் பதிவு இல்லை என்றால், யு.டி.ஆர். எண்ணை எழுதிக்கொண்டு கிளைக்குப் போங்கள். அந்த எண்ணைக் கொடுத்த பிறகு "வரலை" என்று வாய்வார்த்தையில் அனுப்பிவிட முடியாது. தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் எடுக்காமலும் போடாமலும் விட்ட கணக்கு செயலற்றதாகிவிடும். அதை மீண்டும் இயக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஜன் தன் காலத்தில் குறைந்த ஆவணங்களோடு திறந்த 'சிறு கணக்கு' என்றால், ஓராண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. அரசு உதவித்தொகை நீங்கலாக, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. நெல் போட்ட பணம் ஏறிய வேகத்தில் ஆண்டு வரவு எல்லை நிரம்பிவிட்டால் உதவித்தொகை ஏறத் தடை வரலாம். முழு ஆவணம் கொடுத்து அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்வதே தீர்வு.

தகுதியை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

சில பேருக்கு நிற்பதற்குக் காரணம் தவறு அல்ல, விதி. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் பணம். முந்தைய ஆண்டு வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுபவர் (கடைநிலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கலாக), தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகியோருக்கு வராது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கும் வராது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. குத்தகைக்கு உழுபவருக்கும், கோயில் நிலம் பயிரிடுபவருக்கும் இந்தத் திட்டத்தில் இடமில்லை. டெல்டாவில் மிகுந்த மனக்குறை தரும் விதி இது. ஆனால் விதி இருக்கும்வரை அலுவலகத்துக்கு அலைந்து மாற்ற முடியாது.

இவ்வளவு கெடுபிடிக்கு ஒரு பின்னணியும் உண்டு. 2020-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில், நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. அதிகாரிகளின் கணினிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்திப் பெயர்கள் ஏற்றப்பட்டிருந்தன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருந்த தொகையைத் திரும்ப வசூலிக்கத் தொடங்கினார்கள். தகுதியில்லாமல் வாங்கிய பணத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு.

பயிர்ச்சேத நிவாரணம்: இங்கே பட்டியல்தான் எல்லாம்

புயலுக்குப் பின் வரும் நிவாரணத்தில் கைப்பேசியைவிடக் கிராமப் பட்டியல் முக்கியம். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயலுக்கு வந்து கணக்கெடுப்பார்கள். சேதம் 33 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் கணக்கில் சேரும். 2015-க்கு முன் இந்த அளவு 50 விழுக்காடாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்குச் சுமார் 6,900 ரூபாய். மாவுக்குச் சுமார் 2,300. அறிவிப்பு ஹெக்டேரில் வரும், நமக்குப் பழக்கம் ஏக்கரிலும் மாவிலும். வகுத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் சரியாக வந்த பணமும் குறைந்ததாகத் தோன்றும்.

கணக்கெடுப்பு முடிந்த சில நாளுக்குள், கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் பட்டியலைக் காட்டச் சொல்லி நான்கைச் சரிபாருங்கள்: பெயர், புல எண், பரப்பு, வங்கிக் கணக்கு விவரம். பட்டியல் ஆட்சியர் வழியாகச் சென்னைக்குப் போன பிறகு திருத்துவது பெரும்பாடு. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் எழுதப்பட்டிருந்தாலும் பணம் திரும்பிவிடும். வங்கிகள் இணைந்தால் கிளையைக் குறிக்கும் இந்த எண்ணும் மாறலாம். பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாயின. சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020-இல் இணைந்தன. லட்சுமி விலாஸ் வங்கியும் அதே ஆண்டு டி.பி.எஸ்.-ஸோடு சேர்ந்தது. பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்புக்கின் நகலைக் கொடுக்காமல், புதிதாக அச்சிட்டதைக் கொடுங்கள்.

குத்தகைதாரர்கள் அடங்கலைத் தவறாமல் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அந்த வயலில் பயிர் வைத்தவர் நீங்கள் என்பதற்கு அதுவே சான்று. இன்னொன்று: நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு. பிரீமியம் கட்டியவருக்கு வரும் இழப்பீட்டை 14447 என்ற எண்ணில் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை.

எழுத்தில் கேளுங்கள்

இரண்டாம் முறை ஓர் அலுவலகத்துக்குப் போகும்போது மனுவோடு போங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. மாதிரி:

"ஐயா, நான் ……… கிராமத்தில் புல எண் ………-இல் நிலம் உள்ள விவசாயி. என் பி.எம். கிசான் பதிவு எண் ………. ……… ஆவது தவணை எனக்கு வரவில்லை. ……… தேதியில் தளத்தில் பார்த்தபோது ……… என்று காட்டியது. அச்சு நகல் இணைத்துள்ளேன். நிறுத்தப்பட்ட காரணத்தையும், நான் தர வேண்டிய ஆவணத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம், முதல்வரின் உதவி மையம் 1100 ஆகிய மூன்றில் ஒன்றை நாடலாம். வங்கியிடம் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். வழி கேட்க 14448. எதுவும் நகரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். "ஏன் தரவில்லை?" என்று கேட்காமல், "என் பெயர் எந்தத் தேதியில், எந்த அலுவலரால், என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது? கோப்பின் நகல் தருக" என்று கேளுங்கள்.

எச்சரிக்கை

தவணை நெருங்கும் நாட்களில் "கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் பணம் நிற்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பு வரும். 'பி.எம். கிசான்' என்றே பெயரும் இருக்கும். அதைத் தொட்டால் கணக்கிலிருக்கும் பணமும் போகும். செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். நிலையைப் பார்க்கவோ, நின்ற பணத்தை மீட்கவோ இடைத்தரகருக்குக் கமிஷன் தர வேண்டிய தேவை எந்தப் படியிலும் இல்லை.

தவணை வரும் நாளுக்குக் காத்திராமல், அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் பக்கத்தைத் திறந்து மூன்று 'யெஸ்'ஸையும் வங்கியின் பெயரையும் பார்த்துவிடுங்கள். உங்களுடையது சரியாக இருந்தால், கைப்பேசியைப் பார்க்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவருடையதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.